பாரிஸ் சேனல் சுற்றாமல் ஓட: புதுச்சேரியில் ஃபைபர் லைன் எடுப்பதற்கு முன்

முத்தியால்பேட்டையில் இருக்கிறது என் பெரியப்பா வீடு. பெரியப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர். இரவு பதினொன்றரைக்கு, அதாவது பிரான்சில் எட்டு மணிக்கு, தான் சந்தா கட்டும் சேனலில் செய்தி பார்க்க உட்கார்ந்துவிடுவார். அவருக்காக 100 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு, நொடிக்கு மெகாபிட்) ஃபைபர் லைன் போட்டோம். மூன்றாவது நாளே படம் சுற்ற ஆரம்பித்தது. செய்தி வாசிக்கும் அம்மா வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார், நடுவில் வட்டம் சுற்றும், திரும்ப ஓடும்போது வேறு செய்தி போய்க்கொண்டிருக்கும்.

லைன்மேன் வந்தார். தன் மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினார். “பாருங்க சார், 98 வருது. நம்ம லைன்ல ஒண்ணும் இல்ல.” அவர் சொன்னது பொய்யில்லை. அந்த 98 சென்னை வரைக்குமான வேகம். பெரியப்பாவின் செய்தி வருவது பாரிஸிலிருந்து. கம்பெனி விளம்பரத்தில் போடும் எண் முதல் பாதிக்குத்தான் பொருந்தும். கடலைத் தாண்டும் மீதிப் பாதி எப்படி இருக்கிறது என்பதை நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் ஏராளம். புதிதாக லைன் எடுக்கப்போகிறவர்களுக்கு, பெரியப்பா வீட்டில் நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது எங்கிருந்து வருகிறது?

லைனைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவை வெளிநாட்டுக் கம்பெனிகள்தான். ஆனால் அதிகம் பார்க்கப்படும் படங்களின் நகலை இந்தியாவுக்குள்ளேயே, பல நேரங்களில் உங்கள் இன்டர்நெட் கம்பெனியின் கட்டடத்துக்குள்ளேயே சர்வரில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கொரியத் தொடர் பார்த்தாலும் அது கொரியாவிலிருந்து வருவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகமும் குறைவு: 1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15. இது மட்டும் போதும் என்ற வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் பிளான் தாராளம். யாரிடம் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிவது இவற்றில்தான்: நம் ஊரில் சர்வர் வைக்காத சின்ன வெளிநாட்டு சேனல்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நேரடி வகுப்பு, அங்கிருக்கும் ஆபீசின் நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் விபிஎன், மகன் வீட்டு கேமரா, வீடியோ கால். இவை உண்மையாகவே கடல் தாண்டி வருபவை.

எந்த வழியாக வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. நம் பக்கத்து டேட்டா பெரும்பாலும் சென்னைக்குப் போய், அங்கிருந்தோ மும்பையிலிருந்தோ கடலுக்கடியில் போகும் கேபிளில் ஏறும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் போகும் கேபிள்கள் உண்டு. ஐரோப்பாவுக்குப் போவதில் ஒன்று சீ-மீ-வீ 4. அது சென்னையையும் மும்பையையும் தொட்டு, செங்கடல், எகிப்து வழியாகப் பிரான்சின் மார்செய் போய்ச் சேர்கிறது. மும்பையிலிருந்து மார்செய்க்கு ஐ-மீ-வீ என்று இன்னொன்று. 2025 செப்டம்பரில் இந்த இரண்டுமே செங்கடலில் ஜெத்தா அருகே அறுந்தன. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வளைகுடாவிலும் நெட் இழுத்தது. அப்படிப்பட்ட நாளில் பல கேபிள்களில் இடம் வைத்திருக்கும் கம்பெனி வேறு பாதைக்கு மாற்றிவிடும். ஒன்றையே நம்பியிருப்பவர்களின் வாடிக்கையாளர்கள் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். “இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது” என்று திரையில் வந்தால் அது லைன் கோளாறு இல்லை, உரிமை விவகாரம். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அது மாறாது. பிரெஞ்சு நிகழ்ச்சிகள்தான் வேண்டும் என்பவர்கள் டிவி5மோந்த் பிளஸ் என்ற இலவசச் செயலியை முதலில் பார்க்கலாம். அது இங்கேயே திறக்கும்.

உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள்?

பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ, அப்புறம் அந்தந்தப் பகுதியின் கேபிள்காரர் தரும் லைன் என்று நாலு வகை கண்ணில் படும். செயலியில் பின்கோடு போட்டு ‘கிடைக்கும்’ என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். ஒரே பின்கோடில் இந்தத் தெருவுக்கு வந்திருக்கும், அடுத்த தெருவுக்கு வந்திருக்காது. அதிலும் நம் ஊரில் புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் பின்னிப் பின்னி வரும். கோட்டக்குப்பம் பக்கம் நாலு அடி நடந்தால் மாநிலம் மாறிவிடும். மின்கம்பம் வேறு துறையுடையது, கம்பத்தில் ஒயர் கட்ட அனுமதியும் வேறு. தெருவில் நடந்து கம்பத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டிகளைப் பாருங்கள். மூன்று வீட்டில் விசாரியுங்கள். அதுதான் சரியான தகவல்.

பெயரில் ஃபைபர் இருப்பதெல்லாம் ஃபைபர் இல்லை. ஏர்ஃபைபர் என்று விற்பது 2023-ல் வந்த 5ஜி வயர்லெஸ் சேவை. மாடியில் ஒரு பெட்டியை வைத்து டவரிலிருந்து சிக்னல் எடுப்பார்கள். ஒயர் வராத இடத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் சாயங்காலம் டவரில் கூட்டம் சேரும்போது சிக்னல் ஏறி இறங்கும். வெளிநாட்டு நேரலை பார்ப்பவர்கள், தெருவுக்கு ஒயர் வருகிறது என்றால் ஒயரையே எடுங்கள்.

கேபிள்காரர் லைனைச் சிலர் மட்டமாக நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒயர் அறுந்தால் போன் போட்ட அரை மணியில் ஏணியோடு வருபவர் அவர்தான். அவர் யாரிடமிருந்து மொத்தமாக நெட் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறார் என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பாதையின் தரம் அந்தக் கம்பெனியைப் பொறுத்தது.

பக்கத்து வீட்டில் பத்து நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன், அதே தெருவில் அந்தக் கம்பெனி லைன் வைத்திருப்பவர் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் போகிறோம் என்பது முக்கியம். விற்பனைக்கு வரும் தம்பி காலை பதினொன்றுக்குச் சோதனை செய்து காட்டுவார். அந்த நேரத்தில் எல்லா லைனும் நன்றாகத்தான் ஓடும். ஊரே நெட் பார்க்கும் நேரம் இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை. பிரான்சின் நேரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்னால் இருக்கும். அங்கே மாலை ஆறு மணிக்கு மகள் வேலை முடிந்து கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை அல்லது பத்தரை. அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். பலகாரத்தோடு போனால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

போனதும் முடிந்தால் அவர்கள் மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு லேன் ஒயரைச் செருகிவிடுங்கள். வைஃபையில் செய்தால் சுவரின் குற்றமும் லைனின் குற்றமும் கலந்துவிடும்.

முதலில் ஊக்லா ஸ்பீட்டெஸ்ட். எல்லாரும் செய்வதுதான், ஆனால் இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். அது தானாகப் பக்கத்து சர்வரை, அநேகமாகச் சென்னையை, எடுத்துக்கொள்ளும். சர்வரை மாற்று என்பதை அழுத்தி உங்களுக்கு வேண்டிய ஊரை, பாரிஸ் என்றால் பாரிஸை, தேடி எடுங்கள். அடுத்து, கனெக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் ‘மல்டி’ என்று இருப்பதை ‘சிங்கிள்’ ஆக்குங்கள். மல்டியில் அந்தச் சோதனை ஒரே நேரத்தில் பல குழாய்களைத் திறந்து தண்ணீர் பிடிக்கிற மாதிரி. மொத்தத்தில் வேகம் நன்றாக வரும். டிவி செயலியோ பெரும்பாலும் ஒரே குழாயில் பிடிப்பது. அந்த ஒரு குழாயில் எவ்வளவு வருகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

தூரம் கூடினால் ஏன் ஒற்றைக் குழாய் இளைக்கிறது? டேட்டா சின்னச் சின்னப் பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் சர்வர் பயந்து வேகத்தைக் குறைத்து, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வரவர மெல்லக் கூட்டும். சென்னையிலிருந்து பதில் 10 மில்லி செகண்டில் வந்துவிடும், பாரிஸிலிருந்து 160 ஆகும். பழைய முறையில் ஓடும் சர்வர்களுக்கான கணக்குப்படி, ஆயிரம் பொட்டலத்தில் ஒன்று தொலைந்தால் சென்னைக்குச் சுமார் 37 எம்பிபிஎஸ் கிடைக்கும் அதே லைனில் பாரிஸிலிருந்து இரண்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஆயிரத்தில் ஒன்று! சென்னை சர்வரை வைத்து எத்தனை முறை ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் இந்தக் குறை வெளியே தெரியாது.

அடுத்தது பிங். ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று பார்க்கும் சோதனை இது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, பிரான்சில் இருக்கும் ஏதாவது பல்கலைக்கழகத்தின் தள முகவரி, அதன் பின் இடம் விட்டுக் கழித்தல் குறியும் ‘என்’ என்ற சின்ன எழுத்தும், கடைசியாக இடம் விட்டு 200. மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும். ஓடும்போது வரிகளைப் பாருங்கள்.

இதில் ஏமாற ஒரு இடம் உண்டு. பிரெஞ்சுத் தளம் ஒன்றுக்குப் பிங் அடித்து 9 மில்லி செகண்ட் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். இங்கிருந்து பாரிஸ் நேர்க்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 16,000; கடவுளே ஒயர் இழுத்தாலும் 80 மில்லி செகண்டுக்குக் குறையாது. 9 வந்தது என்றால் அந்தத் தளத்தின் நகல் சென்னையில் இருக்கிறது, அவ்வளவுதான். வேறு தளத்தை எடுங்கள். நூறுக்கு மேல் வரும் தளம் கிடைத்ததும் எல்லா வீட்டிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரியப்பா தெருவில் மூன்று வீட்டில், ஒரே இரவில், ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் பார்த்தேன். பெரியப்பாவின் 100 எம்பிபிஎஸ் லைனில் சென்னை 97, பாரிஸ் ஒற்றைக் குழாயில் 3. பிங் வரிகள் 188, 191, 240, 189, 312 என்று குதித்தன. 200-ல் ஒன்று திரும்பவே இல்லை. எதிர் வீட்டு டீச்சரம்மாவின் 40 எம்பிபிஎஸ் லைன் வேறு கம்பெனி. சென்னை 41, பாரிஸ் 24. பிங் 147, 148, 147 என்று ஒரே சீராக வந்தது, ஒன்றுகூடத் தொலையவில்லை. மூன்றாவது வீடு இரண்டுக்கும் நடுவில். டீச்சரம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த 147-களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கூடப் பணம் கட்டி பெரியப்பா வாங்கிக்கொண்டிருந்தது சென்னைக்குப் போகும் அகலமான ரோட்டை மட்டும்.

எண்களைப் படிக்க ஒரு அளவு: பாரிஸுக்கு 130-லிருந்து 170 வரை சீராக வந்தால் நல்ல பாதை. சிங்கப்பூருக்கு 60-க்குள் வர வேண்டும். நேரலைக்குச் சராசரி எண்ணைவிடச் சீர்தான் பெரிது. 180 சீராக வரும் லைன், 140-க்கும் 300-க்கும் நடுவில் ஆடும் லைனைவிட நன்றாக ஓடும். வீடியோ காலுக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

உங்கள் தெருவில் நடந்த சோதனை உங்கள் தெருவுக்கு மட்டும்தான். லாஸ்பேட்டையில் என் நண்பர் வீட்டில், பெரியப்பா எடுத்த அதே கம்பெனி லைன் அருமையாக ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் எந்தக் கம்பெனி முதலிடம் என்று இங்கே பட்டியல் போடவில்லை.

ஆளைக் கூப்பிட்டுப் பேசும்போது

விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக் கேளுங்கள். 699 என்பார்கள், பில் 825-க்கு வரும். ‘அன்லிமிடெட்’ என்றால் உண்மையில் எத்தனை ஜிபி என்று கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகம் தருகிறார்கள். 4கே படம் மணிக்கு அதிகபட்சம் 7 ஜிபி என்று வைத்தாலும் 470 மணி நேரம் பார்க்கலாம், கவலை வேண்டாம். சின்னக் கம்பெனிகளின் அளவு குறைவாக இருக்கலாம். அளவு முடிந்த பின் வேகம் எவ்வளவு என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஆறு மாதம், ஒரு வருஷம் மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மாதம் தனி மாதமாகவே எடுங்கள். பெரியப்பா ஆறு மாதத்துக்குக் கட்டியிருந்தார். மாறுவதற்கு அந்த ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு கேள்வி: பராமரிப்பு வேலை எந்த நேரத்தில் நடக்கும்? பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் செய்வார்கள், ஊர் தூங்கும் நேரம் என்பதால். நம் பிரெஞ்சு வீடுகளுக்கு அது தூங்கும் நேரம் இல்லை. குளிர்காலத்தில் பாரிஸின் எட்டு மணிச் செய்தி இங்கே பன்னிரண்டரைக்கு வரும். பெரியப்பாவுக்கு லைன் சரியாக இருந்தும் நெட் போன சில இரவுகளுக்குக் காரணம் இதுதான். முன்னதாக எஸ்எம்எஸ் அனுப்பும் கம்பெனியா என்று கேட்டு வைத்துக்கொண்டால் அந்த இரவு வீண் கோபம் மிச்சம்.

தெருமுனைப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமா என்றும் கேளுங்கள். முறையான ஃபைபர் அமைப்பில் நடுவில் இழையைப் பிரிக்கும் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. கம்பெனி ஆபீசிலும் உங்கள் வீட்டிலும் இருந்தால் போதும். சில இடங்களில் தெருமுனையில் கரண்ட்டில் ஓடும் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். தெருவில் கரண்ட் போனால் அங்கே நெட்டும் போகும், உங்கள் இன்வெர்ட்டர் உதவாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலையும் 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் நம்முடையது. மழைக்காலத்தில் இந்தக் கேள்வியின் மதிப்பு தெரியும்.

லைன் போடும் நாள்

ஒயர் இழுத்து முடித்ததும் ஆள் அவசரமாகக் கிளம்பப் பார்ப்பார். “அண்ணே, பவர் எவ்வளவு வருதுன்னு ஒரு தடவை காட்டுங்க” என்று கேளுங்கள். இழையில் வரும் ஒளியின் பலத்தை அளக்க, பென்சில் பாக்ஸ் அளவில் ஒரு மீட்டர் வைத்திருப்பார். மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் நடுவில் காட்டினால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ ஒட்டு சரியில்லை, அல்லது ஒயரை மடக்கி ஆணி அடித்திருக்கிறார்கள். அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். பிறகு கூப்பிட்டால் வர நாலு நாள் ஆகும். மோடத்தில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் இழையில் ஒளி வரவில்லை, பெரும்பாலும் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

மோடத்தை எங்கே வைப்பது என்று ஆள் வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் அவருக்கு ஒயர் மிச்சம். பெரியப்பா வீடு முற்றம் வைத்த பழைய வீடு; செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. அந்தச் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை செத்துப்போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் நெரிசலாக நிற்கும். மோடத்தை டிவி அறைக்கே கொண்டுபோய், டிவிக்கு லேன் ஒயர் கொடுத்துவிடுங்கள். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் எடுக்கும். 4கே படத்துக்கு அது போதும். டிவியில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகிப் பார்ப்பவர்களுக்கு அந்த ஸ்டிக்கில் லேன் துளை இருக்காது, அதற்குத் தனி அடாப்டர் கடையில் கிடைக்கும். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

முதல் மாதம் ஒரு நோட்டில் தேதி, நேரம், பாரிஸ் பிங், ஒற்றைக் குழாய் வேகம் என்று வாரத்துக்கு இரண்டு நாள் குறித்து வையுங்கள். படம் சுற்றிய நாளில் கட்டாயம் குறியுங்கள். புகார் செய்யும்போது “நெட் ஸ்லோ” என்று சொன்னால் சென்னை ஸ்பீடு டெஸ்ட் போட்டுவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். “சென்னைக்கு 97 வருகிறது, பாரிஸுக்கு இந்த நேரத்தில் 3 வருகிறது, 200-ல் ஒன்று தொலைகிறது” என்று சொன்னால் புகார் மேலே போகும். புகாருக்குத் தரும் டாக்கெட் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். புகாருக்குக் கிடைக்கும் பதிலில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்கு அந்த எண் வேண்டும்.

பெரியப்பா வீட்டில் ஆறு மாதம் முடிந்ததும் டீச்சரம்மாவின் கம்பெனிக்கே மாறினோம், அதே 40 எம்பிபிஎஸ் பிளான். மோடம் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிறது. போன வாரம் போனபோது இரவு பதினொன்றரை. அவர் என்னிடம் பேசவே இல்லை. செய்தி முடியட்டும் என்று கையைக் காட்டினார்.